சின்ன பிஸ்டல் ஏன் சிக்கிக்குது? – ஒரு நேயர் கேள்வியும் நீண்ட பதிலும்

(ஒலிபரப்பான உரையாடலைச் சுருக்கி, படிக்க வசதியாகத் திருத்தியிருக்கிறோம். விருந்தினர் டெக்சாஸில் ஒரு ரேஞ்சில் பாதுகாப்பு அலுவலராகத் தன்னார்வப் பணி செய்பவர். பேசப்படுவது அமெரிக்காவில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கானது. பேச்சில் வரும் எந்தச் சோதனையையும் வீட்டில் செய்வதாக இருந்தால், அந்த அறையில் ஒரு நிஜத் தோட்டாகூட இருக்கக் கூடாது. டம்மி தோட்டா மட்டும்தான்.)

தொகுப்பாளர்: போன எபிசோட் முடிஞ்சதும் ஒரு சகோதரி எழுதியிருந்தாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சு தனியா வீடு திரும்புறவங்க. லைசென்ஸ் வகுப்பு முடிச்சு, 3 அங்குல பேரல் உள்ள ஒரு 9 எம்எம் பிஸ்டல் வாங்கியிருக்காங்க. அவங்க எழுதினதை அப்படியே படிக்கிறேன்: "என் கணவர் சுட்டால் ஒழுங்காக ஓடுகிறது. நான் சுட்டால் ஒரு மேகசினுக்கு ஒரு தடவையாவது காலி கூடு ஸ்லைடில் நட்டுக்கொண்டு நிற்கிறது. வாங்கிய கடையில் கேட்டேன். உங்கள் கையில் பலம் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். துப்பாக்கியில் கோளாறா, என்னிடமா?" அண்ணா, நீங்க சொல்லுங்க.

விருந்தினர்: கடையில சொன்னது பாதி உண்மை, தம்பி. பாதி உண்மையை வெச்சு ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பறதுதான் தப்பு. ஏன்னா அந்த அம்மாவுக்கு இது பொழுதுபோக்கு இல்ல. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு பார்க்கிங்ல நம்பப் போற பொருள். "உங்க கைதான் காரணம்"னு கேட்டுட்டு வந்தா அவங்களுக்கு துப்பாக்கி மேலயும் நம்பிக்கை போயிடும், தன் மேலயும் போயிடும்.

முதல்ல துப்பாக்கி என்ன செய்யுதுன்னு பார்ப்போம். தோட்டான்னு நான் சொல்றது முழு ரவுண்டை. முன்னாடி பறந்து போறது குண்டு. பின்னாடி மிஞ்சற பித்தளைதான் கூடு. குண்டு முன்னால போற அதே உதையில ஸ்லைடு பின்னால ஓடுது. ஓடும்போது எக்ஸ்ட்ராக்டர்னு ஒரு கொக்கி, கூட்டோட விளிம்பைப் பிடிச்சு இழுத்துட்டு வருது. எஜெக்டர்னு ஒரு சின்ன முனை எதிர்ல நின்னு அதைத் தட்டி வெளிய எறியுது. ஸ்லைடு முழுசா பின்னாடி போய், ஸ்பிரிங் தள்ள திரும்பி முன்னால வர்றப்ப, மேகசின்ல மேல இருக்கற தோட்டாவை இடிச்சு சேம்பருக்குள்ள ஏத்துது. இத்தனையும் ஒரு நொடியில பத்துல ஒரு பங்குக்கும் குறைவான நேரத்துல முடியுது.

தொகுப்பாளர்: பெரிய பிஸ்டல்லயும் இதேதானே நடக்குது? சின்னதுல மட்டும் ஏன் தகராறு?

விருந்தினர்: அதுக்கு கோல்ட் கம்பெனி கதையைச் சொல்லணும். ஜான் பிரௌனிங் வடிவமைச்ச 1911 பிஸ்டல் 5 அங்குல பேரல். அந்த வருஷம் மார்ச்ல அமெரிக்க ராணுவம் அதுல 6,000 ரவுண்டு சுட்டுப் பார்த்துத்தான் எடுத்துக்கிச்சு. பிற்பாடு அதையே 4.25 அங்குலமா வெட்டி கமாண்டர்னு கொண்டு வந்தாங்க. அதுவும் நல்லாவே ஓடிச்சு. 1985ல இன்னும் வெட்டி 3.5 அங்குலத்துல ஆபீசர்ஸ் மாடல். அங்கதான் நெருக்கடி. தோட்டா அதே .45. அதோட நீளம் குறையல, பலம் குறையல. ஆனா ஸ்லைடு இலகுவாயிடுச்சு, அது பின்னாடி ஓடறதுக்கு இருந்த இடமும் குறைஞ்சுடுச்சு. ஸ்பிரிங் வைக்க இடம் இல்லாம ஒண்ணுக்குள்ள ஒண்ணா ரெண்டு ஸ்பிரிங் வெச்சாங்க. 5 அங்குலத்துல 16 பவுண்டு ஸ்பிரிங் போதும். சின்னதுல 20க்கு மேல வேணும்.

விளைவு என்ன? இலகுவான ஸ்லைடு வேகமா பின்னாடி போகுது, பலமான ஸ்பிரிங் அதை வேகமா முன்னாடி தள்ளுது. நடுவுல மேகசின் ஸ்பிரிங் அடுத்த தோட்டாவை மேல தூக்கறதுக்குக் கிடைக்கிற நேரம் சுருங்கிடுது. பெரிய பிஸ்டல்ல கொஞ்சம் அழுக்கு, கொஞ்சம் பலம் குறைஞ்ச தோட்டா, கொஞ்சம் தளர்வான பிடி எல்லாத்தையும் பொறுத்துக்கும். சின்னதுல அந்தப் பொறுமைக்கு இடமில்ல. 2018ல வந்த சிக் பி365 மாதிரி பிஸ்டல் எல்லாம் பெரிசை வெட்டினது இல்ல, ஆரம்பத்துலயே சின்னதா யோசிச்சு செஞ்சது. அதனால நிலைமை நிறைய மேல். ஆனா இயற்பியல் மாறல.

தொகுப்பாளர்: சரி. சிக்கிக்கிச்சு. அந்த நிமிஷம் முதல்ல என்ன பண்ணணும்?

விருந்தினர்: ரேஞ்சுல பயிற்சியில இருக்கீங்கன்னா, பார்க்கணும். எல்லாரும் பதற்றத்துல ஸ்லைடை இழுத்து உதறிடறாங்க. தடயம் போயிடுது. விரல் ட்ரிகர்ல இருந்து வெளிய, குழல் இலக்குப் பக்கமே இருக்கட்டும், அப்படியே ரெண்டு விநாடி பாருங்க. எது எங்க நிக்குதுன்னு பார்த்தாலே பாதி பதில் கிடைச்சுடும்.

காலி கூடு, வெளிய போற வாசல்ல புகைபோக்கி மாதிரி நட்டுக்கிட்டு நிக்குதுன்னா, கூட்டை இழுத்தாச்சு, எறியத்தான் வேகம் பத்தலன்னு அர்த்தம். காலி கூடு சேம்பருக்குள்ளயே இருக்கு, பின்னாடி புதுத் தோட்டா வந்து முட்டிக்கிட்டு நிக்குதுன்னா கொக்கி பிடிக்கல. எக்ஸ்ட்ராக்டரையும் சேம்பரையும் பார்க்கணும். புதுத் தோட்டா மூக்கைக் கீழ குத்திக்கிட்டு நிக்குதுன்னா மேகசின் மேலதான் முதல் சந்தேகம். தோட்டா உள்ள போயிடுச்சு, ஸ்லைடு மட்டும் கடைசி ரெண்டு மில்லிமீட்டர் மூடலன்னா அழுக்கு, களைச்சுப்போன ஸ்பிரிங், இல்லன்னா அளவு தவறின தோட்டா. ஸ்லைடைக் கையால பிடிச்சுக்கிட்டே மெதுவா முன்னாடி விடறவங்களுக்கும் இது வரும். பின்னாடி இழுத்துட்டு விட்டுடணும், அது பாட்டுக்குப் போகட்டும்.

தொகுப்பாளர்: நம்ம சகோதரிக்கு வர்றது அந்தப் புகைபோக்கி.

விருந்தினர்: ஆமா. அதை மட்டும் பார்த்து முடிவு பண்ணக் கூடாது. கூடவே வேற ரெண்டு விஷயம் நடக்குதான்னு கேட்கணும். ஒண்ணு, கடைசி ரவுண்டு முடிஞ்சும் ஸ்லைடு பின்னாடி நிக்காம மூடிக்குதா? ரெண்டு, சில நேரம் "கிளிக்"னு மட்டும் கேட்டு, பார்த்தா சேம்பர் காலியா, மேகசின்ல மட்டும் தோட்டா இருக்கா? இந்த மூணும் ஒரே குடும்பம். மூணுக்கும் பொருள் ஒண்ணுதான்: ஸ்லைடு முழு தூரம் பின்னாடி போகல.

ஏன் போகல? இங்கதான் கடைக்காரர் சொன்ன பாதி உண்மை வருது. ஸ்லைடு பின்னாடி ஓடணும்னா ஃபிரேம் அசையாம இருக்கணும். தோணியில நின்னுக்கிட்டு கரையில குதிச்சுப் பாருங்க. தோணி பின்னாடி நழுவும், நீங்க தண்ணிக்குள்ள விழுவீங்க. அதே கணக்குதான். மணிக்கட்டு வளைஞ்சு கொடுத்தா ஃபிரேமும் ஸ்லைடோட சேர்ந்து பின்னாடி போயிடுது. ஒண்ணுக்கொண்ணு கிடைக்கிற தூரம் குறைஞ்சுடுது. ஃபிரேம் பிளாஸ்டிக்னா எடை இன்னும் கம்மி, அதனால இன்னும் சுலபமா நழுவும். இதைத்தான் தளர்ந்த மணிக்கட்டுன்னு சொல்றாங்க.

இதுல கைப் பலம் பெரிய விஷயமே இல்ல. பிடிக்கிற இடம்தான் விஷயம். சின்ன பிஸ்டல்ல ரெண்டு விரல்தான் நிக்கும், சுண்டு விரல் தொங்கும். கையை முடிஞ்ச அளவு மேல ஏத்தி, பின்பக்கம் இருக்கற வளைவுக்குள்ள உள்ளங்கைச் சவ்வு நல்லா பதியணும். இடது கை உள்ளங்கை, வலது கை விட்டுவெச்ச பக்கத்தை மூடணும். சுண்டு விரல் வைக்க நீட்டம் உள்ள மேகசின் அடித்தகடு பல மாடலுக்குக் கிடைக்குது. அதை மாட்டின உடனே பிரச்சினை தீர்ந்தவங்களை ரேஞ்சுல நிறைய பார்த்திருக்கேன்.

தொகுப்பாளர்: அப்போ மீதிப் பாதி என்ன?

விருந்தினர்: தோட்டா. ரேஞ்சுக்குன்னு விக்கற மலிவு 115 கிரெயின் தோட்டா சிலது ரொம்ப மென்மையா ஏத்தினதா இருக்கும். 9 எம்எம்முக்கு சாமி அமைப்பு வெச்சிருக்கற உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. அது மேல் வரம்புதான். எல்லா தோட்டாவும் அங்க வந்து நிக்கறது இல்ல. புது பிஸ்டல், இறுக்கமான புது ஸ்பிரிங், மென்மையான தோட்டா, இலகுவான ஃபிரேம், ரெண்டு விரல் பிடி. அஞ்சும் ஒண்ணா சேர்ந்தா கூடு நட்டுக்கும். அவங்க கணவர் கை, அந்த அஞ்சுல ஒண்ணை மட்டும் ஈடு கட்டுது. அதனால அவருக்கு ஓடுது. மீதி நாலும் அப்படியேதான் இருக்கு!

அதனால என் யோசனை இது. துப்பாக்கியைச் சுத்தம் பண்ணி, தண்டவாளம் மாதிரி இருக்கற ஸ்லைடு பாதையிலயும் பேரலோட வெளிப்பக்கம் பளபளன்னு தேய்ஞ்ச இடங்கள்லயும் ஒவ்வொரு சொட்டு எண்ணெய் விடுங்க. மேகசினுக்குள்ளயும் ஃபயரிங் பின் ஓடற துவாரத்துலயும் விடாதீங்க, அங்க எண்ணெய் அழுக்கைத்தான் சேர்க்கும். அப்புறம் நல்ல கம்பெனி 124 கிரெயின் தோட்டா ஒரு பெட்டி வாங்குங்க. மேகசின்ல ஒரே ஒரு தோட்டா போட்டு சுடுங்க. கூடு போய் ஸ்லைடு பின்னாடி நிக்கணும். இதையே பத்து தடவை. இன்னொரு மேகசின் இருந்தா அதுலயும் பத்து. பத்துக்குப் பத்து நின்னா, ஸ்லைடு தேவையான தூரம் போகுதுன்னு தெரிஞ்சுடும்.

ஒரு நேரத்துல ஒண்ணை மட்டும் மாத்துங்க. தோட்டாவையும் பிடியையும் மேகசினையும் ஒரே நாள்ல மாத்திட்டு "சரியாயிடுச்சு"ன்னா எது சரி பண்ணுச்சுன்னு தெரியாது. நாளைக்குத் திரும்ப வரும்போது ஆரம்பத்துல இருந்து தேடணும். ஒரு சின்ன நோட்டு வெச்சுக்கணும்: யார் சுட்டது, எந்த மேகசின், எத்தனையாவது ரவுண்டு, எப்படி நின்னுச்சு.

தொகுப்பாளர்: எத்தனையாவது ரவுண்டுங்கறது அவ்வளவு முக்கியமா?

விருந்தினர்: மேகசின் விஷயத்துல அதுதான் எல்லாமே. எப்பவும் முதல் ரவுண்டு ஏறும்போது மட்டும் தகராறுன்னா, நிறைஞ்ச மேகசின்ல ஸ்பிரிங் முழு இறுக்கத்துல தோட்டாவை மேல அழுத்திக்கிட்டு இருக்கு, ஸ்லைடு அதை உரசி உருவி எடுக்கத் திணறுது. புது மேகசின்ல இது சகஜம். கொஞ்ச நாள் நிரப்பி வெச்சாலே தளரும். கடைசி ஒண்ணு ரெண்டு ரவுண்டுல மட்டும் தகராறுன்னா தலைகீழ் கதை. ஸ்பிரிங் களைச்சுப்போச்சு. மேல தூக்கறதுக்குள்ள ஸ்லைடு தோட்டாவைத் தாண்டிப் போயிடுது. எந்த ரவுண்டுன்னே சொல்ல முடியாம வருதுன்னா, அது மேகசினா இருக்க வாய்ப்பு குறைவு. பிடி, தோட்டா, எக்ஸ்ட்ராக்டர் பக்கம் போங்க.

மேகசின் அடியில 1, 2, 3னு பெயின்ட் பேனாவால எழுதி வைங்க. எல்லா சிக்கலும் 2ஆம் நம்பர்லயே வந்தா துப்பாக்கியைத் திட்ட வேண்டியதே இல்ல. மேல இருக்கற ரெண்டு உதடு, தோட்டாவைப் பிடிச்சுக்கிட்டு இருக்குமே, கீழ விழுந்து அது நசுங்கியிருக்கும். அதை இடுக்கியால வளைச்சு சரி பண்றேன்னு உட்காராதீங்க. புதுசு வாங்குங்க. பிஸ்டல் பாகங்கள்ல மேகசின் சீக்கிரம் தேயற பொருள்னு வெச்சுக்கணும். கார் டயர் மாதிரி.

ரீகாயில் ஸ்பிரிங்கும் அப்படித்தான். பெரிய பிஸ்டலுக்கு சில ஆயிரம் ரவுண்டு தாங்கும். குட்டி பிஸ்டல்கள்ல ரொம்ப சீக்கிரமே மாத்தச் சொல்ற தயாரிப்பாளர்கள் இருக்காங்க. உங்க பிஸ்டலோட கையேட்டைப் பாருங்க. எக்ஸ்ட்ராக்டருக்கு ஒரு சுலபமான சோதனை: ஸ்லைடைக் கழட்டி, டம்மி தோட்டாவோட விளிம்பைக் கொக்கிக்கு அடியில சொருகி, லேசா அசைச்சுப் பாருங்க. தொங்கிக்கிட்டு நிக்கணும். பொத்துன்னு விழுந்தா கொக்கிக்கு அடியில கரி படிஞ்சிருக்கும், பல் குச்சியால சுரண்டினா வரும். அப்புறமும் விழுந்தா கம்பெனிக்கு அனுப்பிடணும்.

தொகுப்பாளர்: யூடியூப்ல எல்லாம், தோட்டா ஏறுற சரிவை பாலிஷ் போட்டா போதும்னு சொல்றாங்களே?

விருந்தினர்: அந்த வீடியோ பார்க்கறப்ப எனக்கு வயித்தைக் கலக்கும். சின்ன மோட்டர்ல கல்லை மாட்டி அந்தச் சரிவைத் தேய்ச்சா பளபளப்பு வராது, கோணம்தான் மாறும். கொஞ்சம் அதிகமா போயிட்டா சேம்பரோட அடிப்பக்கத்துல கூட்டைத் தாங்கற உலோகம் குறைஞ்சுடும். தாங்கல் இல்லாத இடத்துல கூடு பிதுங்கும். வெடிச்சா மேகசின் கீழ பறக்கும், கையில இருக்கறது சிதறும். வாரண்டியும் போச்சு. நான் சொன்ன எதையும் செய்யாம அங்க போறவங்கதான் ஜாஸ்தி.

தொகுப்பாளர்: வகுப்புல சொல்லிக் கொடுப்பாங்களே, சிக்கினா மேகசின் அடியைத் தட்டு, ஸ்லைடை இழு, திரும்ப சுடு. அதை எப்ப செய்யணும்?

விருந்தினர்: அது உயிர் போற நேரத்துக்கான பாடம். அங்க யோசிக்க நேரமில்ல. பழகியே ஆகணும். ஆனா ரேஞ்சுல அதைக் கண்ணை மூடிக்கிட்டு செய்யறதுல ஒரு ஆபத்து இருக்கு, அதை ரொம்ப பேர் சொல்றதில்ல.

சில தோட்டாவுல மருந்து இல்லாம, இல்ல ரொம்பக் குறைவா இருக்கும். பிரைமர் மட்டும் வெடிச்சு குண்டை பேரலுக்குள்ள கொஞ்ச தூரம் தள்ளிட்டு நின்னுடும். சத்தம் "பட்"டுன்னு வராது, "புஸ்"ஸுன்னு வரும். உதையே இருக்காது. ஸ்லைடு ஓடியிருக்காது. பார்க்கறதுக்கு சாதாரண சிக்கல் மாதிரியேதான் தெரியும். இப்ப பழக்க தோஷத்துல தட்டி, இழுத்தா காலிக் கூடு வெளிய போகும், புதுத் தோட்டா உள்ள போகும். அடுத்த ட்ரிகர் அழுத்தத்துல, அடைபட்ட பேரலுக்குள்ள முழு பலத்தோட இன்னொரு குண்டு. பேரல் பிளக்கும். பக்கத்து லேன்ல நிக்கறவருக்கும் சேர்த்து ஆபத்து. அதனால சத்தம் மாறினா நிறுத்திடணும். மேகசினைக் கழட்டி, சேம்பரைக் காலி பண்ணி, ஸ்லைடைக் கழட்டி, பேரல் வழியா வெளிச்சம் தெரியுதான்னு பார்த்த பிறகுதான் அடுத்த ரவுண்டு.

வெறும் "கிளிக்", சத்தமே இல்லன்னா அது வேற. மருந்து தாமதமா பத்திக்கலாம். குழலை இலக்குப் பக்கமே வெச்சு 30 விநாடி காத்திருந்துட்டு அப்புறம் எடுங்க. காது மூடியிருக்கறதால சத்த வித்தியாசம் தெரியாதுன்னு சிலர் நினைக்கறாங்க. கையில தெரியும். தன் துப்பாக்கியோட உதை எப்படி இருக்கும்னு நூறு ரவுண்டு சுட்டவங்களுக்குத் தெரியாம போகாது.

தொகுப்பாளர்: அவங்க தினமும் கைப்பையில வெச்சு எடுத்துட்டுப் போறாங்க. அதுக்கு ஏதாவது?

விருந்தினர்: கைப்பைல பஞ்சு, பிஸ்கெட் தூள், பவுடர் எல்லாம் இருக்கும். எண்ணெய் அதையெல்லாம் இழுத்துக்கும். பிஸ்டலுக்குன்னு தனி அறை உள்ள பையா இருக்கட்டும், ட்ரிகரை மூடற உறைக்குள்ள இருக்கட்டும். சுடவே இல்லன்னாலும் மாசம் ஒரு தடவை கழட்டித் துடைங்க.

இன்னொண்ணு, வீட்ல குழந்தை இருக்குன்னு தினமும் வந்ததும் காலி பண்ணிட்டு, மறுநாள் திரும்ப ஏத்துவாங்க. நல்ல பழக்கம்தான். ஆனா தினம் அதே மேல் தோட்டாதான் சேம்பருக்குள்ள போய் வருது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சரிவுல மூக்கு இடிக்குது. கொஞ்சம் கொஞ்சமா குண்டு கூட்டுக்குள்ள அமுங்கும். உள்ள இடம் குறைஞ்சா சுடும்போது அழுத்தம் எகிறும். பெட்டியில இருக்கற புதுத் தோட்டாவையும் இதையும் மேஜை மேல பக்கத்துல பக்கத்துல நிக்க வெச்சுப் பாருங்க. உயரம் குறைஞ்சது கண்ணுக்கே தெரிஞ்சா அதைச் சுடாதீங்க, ரேஞ்சுல பழுதான தோட்டாவுக்குன்னு இருக்கற டப்பாவுல போட்டுடுங்க.

தொகுப்பாளர்: எல்லாம் பண்ணியாச்சு. நல்ல தோட்டா, நல்ல மேகசின், நல்ல பிடி. அப்பவும் அவங்க கையில சிக்குதுன்னா?

விருந்தினர்: அப்போ அந்தத் துப்பாக்கி அவங்களுக்கு வேண்டாம். நான் இதைத் தயங்காம சொல்லுவேன். ரெண்டு கையால, நிதானமா, கால் ஊன்றி நின்னாத்தான் ஓடும்னா, ஒரு கையில பையோ குழந்தையோ இருக்கும்போது அது ஓடாது. கிளாக் 19 அளவு, 4 அங்குல பேரல் உள்ளதை வாடகைக்கு எடுத்து சுட்டுப் பார்க்கட்டும். பல ரேஞ்சுல வாடகைக்குத் தர்றாங்க. மறைச்சு வைக்கறது கொஞ்சம் சிரமம். ஆனா உதை குறைவு, ஸ்லைடு இழுக்கவும் பெரும்பாலும் சுலபம், மூணு விரலும் நிக்கும். முதல் துப்பாக்கியாவே சின்னதைக் கொடுத்து, பெண்களுக்கு இதுதான் பொருத்தம்னு கடையில சொல்றதை நான் ஏத்துக்கறதே இல்ல. இருக்கறதுலயே சுடக் கஷ்டமானது அதுதான்.

தொகுப்பாளர்: ஓடுதுன்னு எத்தனை ரவுண்டு சுட்டா நம்பலாம்?

விருந்தினர்: முதல் 200 ரவுண்டு பழகறதுக்குன்னு நிறைய பேர் ஒதுக்குவாங்க. அதுல வர்ற சிக்கலைக் குறிச்சுக்கணும், ஆனா பதற வேண்டாம். அதுக்கப்புறம் பைல எடுத்துட்டுப் போகப் போற தோட்டாவையே, அந்த குழிமூக்கு குண்டு உள்ளதையே, அவங்க கையாலயே சுடணும். நாலு மேகசினாவது ஒரு சிக்கல்கூட இல்லாம போகணும். அந்தத் தோட்டா விலை ஜாஸ்தின்னு உருண்டை மூக்கு மலிவு தோட்டாலயே சோதனையை முடிச்சுக்கறாங்க. மூக்கு வடிவம் வேற, சரிவுல ஏறுற விதமும் வேற. கடைசி மேகசினை வலது கையால மட்டும், அதுக்கப்புறம் இடது கையால மட்டும் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்க.

தொகுப்பாளர்: கணவர் கூடப் போகலாமா?

விருந்தினர்: போகட்டும், நோட்டுல எழுதறதுக்கு ஒரு ஆள் வேணுமே. ஆனா மேகசின்ல தோட்டா ஏத்தறதுல இருந்து எல்லாமே அவங்க கையில நடக்கணும். அந்தக் குட்டி மேகசின் ஸ்பிரிங் கட்டைவிரலை வலிக்க வைக்கும். ஏத்தறதுக்குன்னு பிளாஸ்டிக்ல ஒரு சின்ன கருவி கிடைக்குது, சில மாடலுக்குப் பெட்டிக்குள்ளயே போட்டுத் தர்றாங்க. பிரிச்சே பார்த்திருக்க மாட்டாங்க, ஒரு தடவை தேடச் சொல்லுங்க.